தரகர் போட்ட தெரு

தூத்துக்குடியில் உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் போனால் நீல வண்ணத்தில் ஒரு நீளக் கட்டடம் வரும். ஜன்னல் கிடையாது. கடல் காற்று ஒரு முழம்கூட உள்ளே நுழையாது. ஆனால் அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் கப்பல் ஓட்டுகிறவர்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வருகிற ஆளில்லாச் சரக்குக் கப்பல்களைக் கரையில் உட்கார்ந்தபடியே ஓட்டும் நிலையம் அது. ஒரு கப்பலுக்கு ஓர் அறை, ஓர் அறைக்கு இரண்டு பேர், 'காவல்' என்கிற ஒரு முறைக்கு ஆறு மணி நேரம். ஒருவர் திசையைப் பார்க்க வேண்டும், மற்றவர் கடலைப் பார்க்க வேண்டும். திரையில் தெரிகிற கடல்தான் என்றாலும் வாந்தி வராது என்பதைத் தவிர மற்ற பயமெல்லாம் நிஜக் கடலுக்கு உள்ளதுதான்.

அடுத்தடுத்த நாற்காலியில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டிய இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் கப்பல் என்ன ஆகும்? ஆரம்ப காலத்தில் ஒன்று பாறையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நிர்வாகம் சோடி சேர்ப்பதற்கென்று ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதற்குச் சூட்டிய பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊழியர்களே 'தரகர்' என்று வைத்துக்கொண்டார்கள். கல்யாணத் தரகர் ஜாதகம் பார்ப்பார். இந்தத் தரகர் நாடி பார்த்தது. எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. யார் பக்கத்தில் இருந்தால் யாருக்கு நாடி அடங்குகிறது, யார் குரல் கேட்டால் யாருக்குக் கை வியர்க்கிறது என்று கவனித்து, ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்து அறைக்குள் அனுப்பிவிடும். அதன் பிறகு ஒரு கப்பல்கூட எங்கேயும் உரசவில்லை.

முத்தரசிக்குத் தரகர் மேல் இருந்த நன்றிக்கு அளவே இல்லை. அதற்கு முன் அவள் வேறோர் ஊரில் வேறொரு கம்பெனியில் இருந்தவள். சேர்ந்த முதல் வாரமே பக்கத்து இருக்கைக்காரி சிரித்த முகத்தோடு கேட்டாள், "சொந்த ஊரு எது?" "செவக்காட்டூர்." "ஊர்ல எந்தப் பக்கம்?" முதல் கேள்வி ஊரைத் தெரிந்துகொள்ள, இரண்டாவது சாதியைத் தெரிந்துகொள்ள. தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இதை உட்காரவைத்து விளக்க வேண்டியதில்லை. முத்தரசி தெருவின் பெயரைச் சொன்னாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. வர வேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சில வருடம் ஓட்டிவிட்டு இங்கே வந்தாள்.

இங்கே எட்டு வருடமாக ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தரகர் யாரோடு சேர்த்தாலும் ஒரே பிளாஸ்க் டீ, ஒரே சிரிப்பு. மாரிக்கனி என்கிற தோழியோடு உட்கார்ந்துவிட்டால் ஆறு மணி நேரம் போவதே தெரியாது. கடலைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு மனசும் அகலம் என்று முத்தரசி நம்பினாள், நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

அவளைத் தளத்துக்கு இன்சார்ஜ் ஆக்கியபோது மாரிக்கனி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து அறை அறையாகக் கொடுத்தாள். அந்த இனிப்பு வாயில் கரைவதற்குள் முதல் வேலை வந்துவிட்டது. கொண்டுவந்தவள் டெல்பின், தரகரைப் பராமரிக்கிற பொறியாளர். கடலோரத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண், பேச்சில் படபடவென்று இருப்பாள்.

"அக்கா, சின்ன ஒப்புதல்தான். சுகிர்தன்னு ஒரு ஆளு, புதுசு. தகுதிகாண் காலம் முடியப்போகுது. அனுப்பிரலாம்."

"வேலை தெரியலையா?"

"வேலையெல்லாம் சும்மா பிரமாதம். சோடி அமையலக்கா. யாரு கூடப் போட்டாலும் அவங்களுக்குப் படபடன்னு வந்துருது. தரகர் உடனே பிரிச்சிருது. இப்பம் பயிற்சி அறையில தனியா உக்காந்து பொம்மைக் கப்பல் ஓட்டிக்கிட்டு இருக்காரு, பாவம்."

"அப்படி என்ன செய்யுதாரு?"

டெல்பின் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு கேள்வி கேக்காரு. எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம்னு. ஒருத்தர் விடாம கேக்காரு. பயிற்சி வகுப்புல அதைக் கேக்கவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. கேள்வி விழுந்ததுமே எல்லாருக்கும் நாடி எகிறிருது."

முத்தரசியின் பட்டை மணிக்கட்டில் துடித்தது. டெல்பின் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தீயளா, கேட்டதுக்கே உங்களுக்கு ஏறுது. தரகர் சும்மா சொல்லாதுக்கா. உங்களுக்கு இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பான சோடி போட்டிருக்கா? இந்தா, நீங்களே பாருங்க." இன்சார்ஜுக்கு மட்டும் திறக்கிற ஒரு படத்தைத் திரையில் விரித்தாள். தளத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒத்துப்போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒத்துப்போகாதவர்கள் தூரத்தில்.

முத்தரசி தன் புள்ளியைத் தேடிப் பிடித்தாள். அதைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். மாரிக்கனி, பேச்சிமுத்து, அந்தோணிராஜ் என்று பெயர்களைப் படித்துக்கொண்டே போனாள். எல்லாரும் அவளோடு அறையில் உட்கார்ந்தவர்கள். எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போயிருக்கிறாள். அவர்கள் ஊர் தெரியும், ஊரில் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். அத்தனை பேரும் அவளுடையது மாதிரியான தெருக்காரர்கள். ஒருவர்கூட மிச்சமில்லை.

"டெல்பின், எங்க தெருவை இதுக்கு யாரு சொன்னா?"

"எந்தத் தெருவை?"

"இந்தக் கூட்டத்துல இருக்கவுக எல்லாம் காலனித் தெருக்காரங்க. அதோ அந்த ஓரத்துல உன் புள்ளி இருக்கே, அதைச் சுத்தி யாரு யாருன்னு பாரு."

டெல்பின் பார்த்தாள். வாய்க்குள் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். "எல்லாம் எங்க கடக்கரை ஆளுக" என்றாள் மெதுவாக. பிறகு, யாரோ தன்னைக் குற்றம் சொன்ன மாதிரி, "சத்தியமா யாரும் சொல்லலக்கா. அதுக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது. யாரு பக்கத்துல யாருக்கு நிம்மதின்னு மட்டும்தான் பாக்கும்."

"நிம்மதியா இருக்கணும்னு பாத்துப் பாத்து எல்லாரையும் அவங்கவங்க தெருவுலயே கொண்டுபோயி உக்கார வச்சிருக்கு."

முத்தரசி படத்தின் எதிர் முனையைக் காட்டினாள். "என்னைவிட்டு ரொம்பத் தூரத்துல இருக்கது யாரு?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"கோமதிநாயகம் அண்ணாச்சி. நீங்க சேந்த முதல் வாரம், மெஸ்ஸுல உங்க பக்கத்துல தட்டோட வந்து நின்னுருக்காரு. அவருக்கு நாடி தாறுமாறா ஏறிருக்கு. அதுக்குப் பிறகு தரகர் உங்க ரெண்டு பேரையும் ஒரே காவல்லகூட வச்சதில்ல."

கோமதிநாயகம் தளத்திலேயே மூத்தவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, அதிராத பேச்சு. வாசலில் பார்த்தால் முத்தரசிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவார். அவரா? எட்டு வருடமாக ஊரின் மனசு அகலம் என்று நினைத்திருந்தாள். அகலமெல்லாம் ஒன்றுமில்லை, நடுவில் ஒரு தரகர் நின்று எல்லாரையும் விலக்கிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்திலேயே படத்தை மூடிவிட்டு ஒப்புதலில் கைவைத்திருந்தால் அவளுடைய நிம்மதி அப்படியே இருந்திருக்கும். கேள்வி கேட்கிற ஒருவன் ஒழிந்தான் என்று அவள் நாடியும் அடங்கியிருக்கும்.

"நாளைக்குக் காலைக் காவல்ல நான் சுகிர்தன்கூட உக்காருதேன்" என்றாள்.

"நீங்களா? உங்களுக்குத்தான் அந்தக் கேள்வி ஆகாதே!"

"கேக்குற ஆளைப் பாக்காம எப்படி அனுப்ப? பாத்துட்டு அனுப்புதேன்."

சுகிர்தனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். உண்மையான கப்பல் கையில் கிடைத்ததே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சிமென்ட் ஏற்றிய கப்பல், கொழும்புக்குப் போகிறது. துறைமுக வாயிலில் மீன்பிடிப் படகுகள் இடமும் வலமும் குறுக்கிட, ஒன்றின் மேலும் நிழல்கூடப் படாமல் கொண்டுபோய் வெளிக்கடலில் விட்டான். இப்படிப்பட்ட ஆளையா அனுப்புவது என்று அவள் நினைக்கும்போதே அவன் திரும்பினான்.

"மேடம், நீங்க எந்த ஊர்?"

பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். இல்லாவிட்டால் அது அலறியிருக்கும். "செவக்காட்டூர்."

"செவக்காட்டூர்ல எவடம்?"

"காலனித் தெரு." குரல் தானாக உயர்ந்தது. "தெரிஞ்சுக்கிட்டீங்களா? போதுமா?"

அவன் முகம் சுருங்கும் என்று பார்த்தாள். மலர்ந்தது. "காலனியா! அங்க ரத்தினேஸ்வரி எண்டு ஒரு அம்மா இருக்கிறாவா? இலங்கைக்காரி. அம்பத்தஞ்சு வயசு வரும்."

முத்தரசிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான். சண்டைக் காலத்தில் கைக்குழந்தையாக அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா ஒரு படகில் வந்தாள். அம்மாவின் தங்கை இன்னொரு படகில் ஏறினாள். அந்தப் படகு வேறு எங்கோ கரை சேர்ந்ததாம். அவளை எந்த அகதி முகாமிலும் பதியவில்லை.

"பதியாத ஆக்களைப் பிடிச்சால் சிறை எண்டு பயந்து எங்கயோ ஒளிஞ்சிருப்பா எண்டுதான் அம்மா சொல்லுவா. அம்மா இண்டைக்கும் முகாமுக்கு வாற எல்லாரிட்டயும் கேக்கிறா. எந்த ஊர், எவடம். நானும் கேட்டுக் கேட்டுப் பழகிட்டன்."

"ஊரைக் கேட்டாப் பத்தாதா? தெருவை எதுக்கு கேக்கீங்க?"

"ஊருக்குள்ள எங்களுக்கு ஆர் மேடம் வீடு தருவினம்? காலனியிலதான் தருவினம். அவ இருந்தால் காலனியிலதான் இருப்பா."

எந்தக் கேள்விக்குப் பயந்து முத்தரசி ஒரு வேலையையே விட்டு வந்தாளோ, அதே கேள்வியை இவன் அவள் தெருவை நம்பிக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். "இதை மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டால்தானே? கேட்டு முடிக்க முன்னமே முகம் மாறிடும். அடுத்த காவலுக்கு ஆளை மாத்திப்போடும் உங்கட தரகர். ஒரே ஒருத்தர்தான் சாப்பாட்டு நேரத்தில கடைசிவரைக்கும் கேட்டார். தான் டவுன் ஆள், தெரியாது எண்டிட்டார்."

தன் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை என்று முத்தரசி வருத்தத்தோடு சொன்னாள். பரவாயில்லை என்று அவன் சிரித்தான். கேட்டு இல்லை என்று வாங்குவது அவனுக்குப் பழகியிருந்தது. காவல் முடிந்ததும் அவள் நேரே போய் அவனை நிரந்தரமாக்குவதற்கு எழுதிவிட்டு, தன் தளத்தில் தரகரை நிறுத்தப்போவதாகத் தலைமை அலுவலகத்துக்கும் சொன்னாள். எல்லாத் தளத்திலும் உங்கள் தளம்தான் நிம்மதியில் முதலிடம், அதைப் போய் ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பிடிவாதமாக நின்றதும், சரி, மூன்று மாதம், அதற்குள் ஒரு கப்பல் உரசினாலும் நீங்கள் இன்சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் எழுந்து நின்றாள்.

"என் ஊரு செவக்காட்டூர். ஊர்ல காலனித் தெரு. எட்டு வருஷமா இதை நீங்க யாரும் கேக்கல. அதுக்காக உங்க எல்லார்மேலயும் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனா கேக்காம இருந்தது நீங்க இல்ல, தரகர் கேக்க விடலன்னு இப்பம்தான் தெரியுது. நாளையிலருந்து சோடி முறை வச்சுத்தான் போடுவேன். யார் பக்கத்துல யாரு வந்தாலும் உக்காரணும். பிடிக்கலைன்னா மாத்தித் தாரேன். ஆனா ஏன் பிடிக்கலைன்னு எங்கிட்ட வந்து வாயால சொல்லணும்."

சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. மனசுக்குள் ஆயிரம் வைத்திருக்கலாம், அதை எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பார்த்து வாயால் சொல்வதற்குத் தனி தைரியம் வேண்டும். ஒரே ஒருவர் வந்து, அந்த அறையில் ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை, சோடியை மாற்றுங்கள் என்றார். முத்தரசி சோடியை அப்படியே வைத்துவிட்டு ஏசியை மாற்றினாள்.

அதற்காக எல்லாம் இனித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அறைகளில் சிரிப்புச் சத்தம் குறைந்தது. திடீரென்று சிலருக்குச் சொந்தப் பிளாஸ்க் முளைத்தது. ஒரு நாள் மாரிக்கனி கண் சிவந்து வந்தாள்.

"எங்கூடச் சோடி போட்டவ என் டம்ளரைத் தனியாத் தள்ளி வைக்காக்கா. ஏன்னு கேட்டா, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுதா. நாம நல்லாத்தானே இருந்தோம்? எதுக்கு இதைக் கெடுத்தீய?"

முத்தரசி அந்தச் சளிக்காரியைக் கூப்பிட்டு, சளி சரியாகிற வரைக்கும் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னாள். சம்பளம் பிடிப்பார்கள் என்றதும் சளி உடனே சரியாகிவிட்டது. ஆனால் மாரிக்கனியின் முகம் சரியாகவில்லை. தன் நிம்மதியை மட்டும் கொடுத்திருந்தால் பரவாயில்லை, கேட்காமலே அவளுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமே என்று முத்தரசிக்கு மனசு ஆறவே இல்லை.

இப்படி ஒவ்வொரு நாளாகக் கழிய, முறைப்படி முத்தரசிக்கும் கோமதிநாயகத்துக்கும் ஒரு பகல் காவல் விழுந்தது.

அவர் வந்து உட்கார்ந்தார். வணக்கம் வைத்தார். கப்பல் வெளிக்கடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கை திசைமாற்றியின் மேல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்துவிட்டது. முத்தரசிக்குப் பார்க்கவே கோபமும் அழுகையுமாக வந்தது.

"அண்ணாச்சி, எங்கூட உக்காரக் கஷ்டமா இருந்தாச் சொல்லுங்க. ஆளை மாத்திருதேன். ஏன்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் திரையைப் பார்த்தபடியே, "மேடம், எனக்குப் பருத்திக்குளம்" என்றார்.

பருத்திக்குளம் செவக்காட்டூருக்கு அடுத்த ஊர். வீட்டு வாசலில் நின்றால் அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

"பருத்திக்குளத்துல..." அவர் ஒரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அங்கயும் காலனித் தெருதான். உங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒண்ணாப் பருத்தி எடுத்தவுக. நீங்க இங்க வந்து சேந்த வாரம் மெஸ்ஸுல உங்க முகத்தைப் பாத்தேன். அப்படியே உங்க அம்மா. என்னையும் நீங்க இன்னார் மகன்னு கண்டுபிடிச்சிருவீயன்னு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. இங்க எல்லாரும் என் பேரையும் நெத்தியையும் பாத்து என்னமோ நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல. எம்பிள்ளைகளுக்கே தெரியாது மேடம்."

முத்தரசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளைக் கண்டு அருவருத்தார் என்று தரகரும் டெல்பினும் அவளுமாகச் சேர்ந்து முடிவு கட்டிய மனிதர், அவளைக் கண்டு பயந்து ஓடியிருக்கிறார். நாடிக்கு ஏறத் தெரியும், ஏன் ஏறியது என்று சொல்லத் தெரியாது. அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"எங்கிட்ட இருந்து ஒண்ணும் வெளியே போகாது அண்ணாச்சி. அதை எப்ப யாருக்குச் சொல்லணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எங்கிட்ட சொன்னீங்களே, ரொம்ப நன்றி."

"நன்றி சொல்லாதீய மேடம். நான் இன்னும் சொல்லி முடிக்கல." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றித் திருநீறு கலைந்துபோனது. "சுகிர்தன் வந்த புதுசுல மெஸ்ஸுல எங்கிட்ட ஒரு பேரைச் சொல்லிக் கேட்டாரு. நான் டவுன் ஆளு, எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

முத்தரசி நிமிர்ந்தாள்.

"எங்க சித்தப்பா வீட்டுக்கு எதுத்த வீடு. ரத்தினக்கான்னு கூப்பிடுவோம். பதிவு இல்லாதவுகன்னு தெருவே சேந்து இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கு. வாயி வரைக்கும் வந்துச்சு மேடம். சொன்னா, உமக்கு எப்படித் தெரியும், நீரு எந்தத் தெருன்னு அடுத்தாப்புல கேப்பாரே. அதுக்குப் பயந்து முழுங்கிட்டேன். நீங்க அன்னைக்கு எந்திரிச்சு நின்னு உங்க தெருவைச் சொன்னீயல்லா, அதுலருந்து எனக்குச் சோறு இறங்கல."

"உயிரோட இருக்காங்களா?"

"நல்லா இருக்காவ. போன வாரம்கூட எங்கையில முருங்கைக்காய் குடுத்து விட்டாவ."

காவல் முடிய இன்னும் நேரம் இருந்தது. நடுக்கடலில் கப்பலை விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முத்தரசி கடலைப் பார்த்தாள், கோமதிநாயகம் திசையைப் பார்த்தார். அவர் கை நடுக்கம் எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை. அந்தச் சில மணி நேரம் முத்தரசி மனசுக்குள் யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்த ஒரு அம்மாவுக்கு, இல்லை என்ற பதிலுக்கு அலுத்துப்போகாத மகனுக்கு, அடைக்கலம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்ட ஒரு தெருவுக்கு.

அடுத்த காவல்காரர்கள் வந்து மாற்றிக்கொண்டார்கள். நடைவழியின் கடைசியில், தன் அறையிலிருந்து வெளியே வந்து சோம்பல் முறித்துக்கொண்டு நின்றான் சுகிர்தன். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று முத்தரசி சைகை காட்டினாள். கோமதிநாயகம் அதைப் பார்க்கவில்லை. நேரே போய் அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, வந்த புதுசுல எங்கிட்ட எந்த ஊரு, எவடம்னு கேட்டீயல்லா?" என்றார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "இன்னொரு தரம் கேளுங்க. இப்பம் சரியாச் சொல்லுதேன்."